'பரவாயில்லை' என்றால் எவ்வளவு?



கெடா மாநிலத்தில் பீடோங், குரூண், பாடாங் செராய், கோல கெட்டில் என்று எந்தப் பக்கம் போனாலும் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களை இன்றும் காண்கிறோம். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் இருந்தவர்களில் பலர் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் பால் கொட்டகையை மறந்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

விடியற்காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து வந்து கொட்டகையில் வரிசையாக நிற்போம். கிராணி பாலை நிறுப்பார். அதோடு விட்டுவிடுவாரா? மாட்டார். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். நூறு பங்கு பாலில் ஏறத்தாழ முப்பது பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். வாளி நிறைந்திருப்பது ஒன்று, வாளிக்குள் என்ன இருக்கிறது என்பது வேறொன்று. அதனால்தான் இரண்டு அளவும் வேண்டியிருந்தது.

நோயை அளப்பதும் இப்படித்தான். ரத்தத்தைச் சோதிக்கலாம். எடையை நிறுக்கலாம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கலாம். இவை எல்லாம் வாளியை நிறுப்பது போன்றவை. நோயாளியின் ஒரு நாள் எப்படிப் போகிறது, அவர் வேலைக்குப் போக முடிகிறதா, தூங்குகிறாரா, நாலு பேரோடு பழகுகிறாரா என்பது இன்னோர் அளவு. அந்த இரண்டாவது அளவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது நாள்பட்ட குடல் அழற்சி நோய்.

வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற நோய் இது. ஆகவே கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுவோம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். உடம்பைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நேயர்களே, வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் வருகிறது. கெட்டுப்போன சாப்பாட்டால் வரும், கிருமியால் வரும், ஒரு வாரத்தில் போய்விடும். நாம் சொல்லும் நோய் அப்படிப்பட்டதல்ல. குடலின் உட்சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகிவிடுகிறது. சில மாதம் அடங்கியிருக்கும். பிறகு மறுபடியும் கிளம்பும். இதில் முக்கியமான வகைகள் இரண்டு. ஒன்று, பெருங்குடலில் மட்டும் வரும் புண் அழற்சி. மற்றொன்று, வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரக்கூடிய கிரோன் நோய். நியூயார்க் நகரில் 1932-ஆம் ஆண்டு டாக்டர் கிரோனும் அவருடைய தோழர்கள் இருவரும் இந்த நோயை விளக்கி எழுதியதால் அந்தப் பெயர் வந்தது.

இந்த நோயின் அடையாளங்கள் என்ன? வாரக்கணக்கில் விடாத வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தமும் சளியும், வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, உடல் மெலிவு, ஓயாத களைப்பு. இவற்றோடு ஓர் அவசரமும் உண்டு. வெளிக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் ஐந்து நிமிடங்கூடப் பொறுக்க முடியாது. ஓடிப்போய் உட்கார்ந்தால் சில நேரம் ஒன்றும் இருக்காது.

ஏன் வருகிறது? உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குகிறது. பரம்பரை, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், வாழும் சூழல் எல்லாம் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன என்று மருத்துவம் சொல்கிறது. இது ஒட்டுவாரொட்டியல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றிக்கொள்ளாது. அம்மாவின் சமையல் காரணமில்லை. மருமகள் வந்த நேரமும் காரணமில்லை. செய்வினையும் இல்லை.

நமக்கு இதில் தனி அக்கறை இருக்கவேண்டும். ஏன் என்றால், கெடாவுக்குத் தெற்கே பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2011 முதல் 2013 வரை புதிதாக இந்த நோய் கண்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். மொத்த மக்களில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, லட்சத்துக்கு ஏறக்குறைய இரண்டு பேர் இருந்தார்கள். மலாய்க்காரர், சீனர் இரு சாராரையும்விட இது அதிகம். நோய் அரிதானதுதான், பயப்படத் தேவையில்லை. ஆனால் வந்தால் நம் வீட்டுக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பெருங்குடல் புண் அழற்சி என்று தெரிந்து மூன்று ஆண்டாக மருந்து சாப்பிடுகிறார். மருந்து வேலை செய்கிறது. மெலிந்த உடம்பு தேறியிருக்கிறது, ரத்தமும் ஏறியிருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் சோதனைத் தாளைப் பார்க்கிறார், முகம் மலர்கிறது. "எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்கிறார். "பரவாயில்லை டாக்டர்" என்கிறார் அந்தத் தாய். டாக்டர் அதே மருந்தை எழுதிக் கொடுக்கிறார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அந்தப் 'பரவாயில்லை'க்குள் என்ன இருக்கிறது?

தொழிற்சாலை பஸ் காலை ஐந்தரைக்கு வரும். வழியில் எங்கும் நிற்காது. அதனால் அவர் முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் எதையும் வாயில் வைப்பதில்லை. காலையில் தேத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேலைத் தளத்தில் கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு தடவையும் மேற்பார்வையாளரைக் கேட்கவேண்டும். நாலாவது தடவை கேட்கும்போது அவர் முகம் மாறும். பையில் எப்போதும் ஒரு மாற்று உடை இருக்கிறது. அது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போன தைப்பூசத்துக்குக் குடும்பமே கிளம்பியபோது தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அண்ணன் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவில்லை. "ரொம்பத்தான் மாறிப்போயிட்டா" என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. ராத்திரியில் இரண்டு முறை, மூன்று முறை எழுந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரிடம்கூட ஒன்றும் சொன்னதில்லை.

சோதனைத் தாளில் இதில் ஒரு வரியாவது உண்டா? இல்லை. ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் தைப்பூசம் தெரியாது.

மருத்துவர்களும் நெடுங்காலம் எண்ணக்கூடியதை மட்டுமே எண்ணி வந்தார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1955-இல் இந்த நோய்க்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறதா, காய்ச்சல் உண்டா, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டுகிறதா, ரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, நோய் லேசானதா கடுமையானதா என்று பிரித்தார்கள். அது மிக நல்ல அளவுகோல். இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது, உயிர்களைக் காக்கிறது. ஆனால் அது குடலுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லும். குடலைச் சுமந்து திரியும் மனிதருக்கு என்ன நடக்கிறது என்று சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 1948-இல் தொடங்கியபோதே, உடல்நலம் என்பது நோயில்லாமல் இருப்பது மட்டுமன்று. உடலும் மனமும் சமுதாய வாழ்வும் நன்றாக இருப்பதே என்று வகுத்தது. சொல்வது எளிது. அதை எப்படி அளப்பது?

கனடா நாட்டில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கயட், டாக்டர் இர்வின் முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். என்ன கேட்பது என்று தாங்களே முடிவு செய்துவிடவில்லை. இந்த நோய் உள்ளவர்களிடமே போனார்கள். "உங்களை மிகவும் வாட்டுவது எது?" என்று கேட்டார்கள். அடிக்கடி வந்த பதில்கள், ஆழமாக வருத்திய பதில்கள் எவையோ அவற்றைத் திரட்டி 32 கேள்விகளாக அமைத்தார்கள். 1989-இல் அந்தக் கேள்வித்தாளை வெளியிட்டார்கள்.

அந்த 32 கேள்விகளும் நான்கு பகுதியில் அடங்கும். வயிறும் குடலும் பற்றி 10. உடம்பின் பொதுவான நிலை, அதாவது களைப்பு, தூக்கம், எடை போன்றவை பற்றி 5. மனநிலை பற்றி 12. வேலை, வெளியே போய்வருவது, மற்றவர்களோடு பழகுவது பற்றி 5. கவனித்தீர்களா, நேயர்களே? குடல் நோய்க்கான கேள்வித்தாளில் குடலைவிட மனசைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். நோயாளிகள் சொன்னதைக் கேட்டு எழுதியதால் வந்த கணக்கு அது. போகும் இடத்தில் கழிப்பறை இருக்குமா என்ற பயம், கூச்சம், எரிச்சல், அழுகை, தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற ஏக்கம் எல்லாம் அதில் இடம்பெற்றிருக்கின்றன. கனடாவில் இருப்பவர் சொன்னதும் நம் பீடோங் தாய் சொல்லாமல் மறைத்ததும் ஒன்றாகவே இருக்கிறது.

மதிப்பெண் எப்படிப் போடுவது? கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பதில் சொல்லவேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை. 1 என்றால் மிக மோசம், 7 என்றால் தொந்தரவே இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ஆகக் குறைவு 32, ஆகக் கூடுதல் 224. 170-ஐத் தாண்டினால் நோய் அடங்கியிருப்பதாகப் பொதுவாகக் கொள்வார்கள். ஒரு மருந்து கொடுத்த பிறகு 16 மதிப்பெண்ணாவது ஏறினால், நோயாளிக்கே தெரியும்படியான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். பரபரப்பான கிளினிக்குகளில் 32 கேள்விக்கு நேரம் ஏது? ஆகவே 1996-இல் பத்தே கேள்விகள் கொண்ட சிறு வடிவமும் வந்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வீட்டோடு சேர்ந்த மளிகைக் கடை வைத்திருப்பவர். கழிப்பறை பத்தடி தூரத்தில். மற்றவர் செம்பனைக் குலை அறுப்பவர். நாள் முழுதும் வெளிக்காட்டில் நிற்கிறார், கழிப்பறை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. இருவருக்கும் குடலில் ஒரே அளவு புண், ரத்தச் சோதனையும் ஒன்றேபோல். ஆனால் இருவருடைய நாளும் ஒன்றா? முதலாமவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். இரண்டாமவர் வாரத்தில் இரண்டு நாள் வேலையை இழக்கிறார். அவருக்குச் சம்பளம் போகிறது, பேரும் போகிறது. "சோம்பேறி" என்ற சொல்லும் வந்து சேருகிறது. வாழ்க்கைத் தரத்தை அளந்து பார்த்தால்தான் இந்த வேறுபாடு தாளில் ஏறும். தாளில் ஏறினால்தான் வைத்தியமும் அதற்கேற்ப மாறும்.

எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைகிறதோ, அதுவே அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டும். அவசரமும் இரவில் எழுவதும் குறையவில்லையென்றால், மருந்தின் அளவை மாற்றலாம். ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து சேர்க்கலாம். களைப்பு போகவில்லையென்றால் இரும்புச் சத்துக் குறைவைப் பார்க்கலாம். மனச்சோர்வு அழுத்துகிறதென்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. வேலையிடம்தான் தொல்லையென்றால், கழிப்பறைக்குப் போய்வரத் தடை சொல்லக்கூடாது என்று முதலாளிக்கு ஒரு கடிதம் தரும்படி டாக்டரைக் கேட்கலாம். 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லிலிருந்து இதில் எதையும் டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது. 2021-இல் உலக நாடுகளின் குடல் நோய் நிபுணர்கள் சேர்ந்து சிகிச்சையின் இலக்குகளை வகுத்தபோது, குடல் புண் ஆறுவதோடு வாழ்க்கைத் தரம் மீள்வதையும் இலக்காகச் சேர்த்தார்கள். ஆகவே இதைப் பற்றிப் பேசுவது டாக்டரைத் தொந்தரவு செய்வதாகாது. அது அவருடைய வேலையில் ஒரு பகுதி.

சரி, நாம் என்ன செய்யலாம்? உங்கள் கிளினிக்கில் அந்தக் கேள்வித்தாள் கொடுத்தால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். கொடுக்காவிட்டாலும், வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். நான்கு தலைப்பு எழுதுங்கள்: வயிறு, உடம்பு, மனசு, ஊர்-உறவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண் போடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நாம் சொல்லும் இந்த வழி அந்தக் கேள்வித்தாளுக்கு ஈடாகாது. டாக்டரிடம் பேச உதவும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

பிறகு டாக்டரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், போன இரண்டு வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆறு ராத்திரி தூக்கம் கெட்டது. பஸ் ஏறும் நாளில் நான் காலையில் சாப்பிடுவதே இல்லை." மூன்றே வாக்கியம். அரை நிமிடம்கூட ஆகாது. நம்மில் மூத்தவர்கள் பலருக்கு மலாய் சரளமாக வராது. "சாக்கிட் பெருட்" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு நின்றுவிடுகிறது. மகனையோ மகளையோ கூட்டிப்போனால் அவர்கள் முன்னால் சொல்ல நாக்கு வருவதில்லை. எண்ணாக எழுதி வைத்திருந்தால் அந்தச் சங்கடம் பாதி குறையும். 4 என்பது எல்லா மொழியிலும் 4-தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பால் கொட்டகையில் மெட்ரோலாக் வந்ததற்காகத் தராசைத் தூக்கி எறியவில்லை. அதுபோல, மனசுக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சோதனைகளை விட்டுவிடக் கூடாது. வெளியே அமைதியாக இருந்தாலும் உள்ளே புண் இருக்கலாம். பெருங்குடல் அழற்சி நெடுங்காலம் இருந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகையால் எட்டு ஆண்டு ஆனவர்கள் குழாய்ச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்கவேண்டும். நன்றாக இருக்கிறதென்று மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. மூட்டுவலிக்கும் உடம்பு வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள் குடல் நோயைக் கிளப்பிவிடக் கூடும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கிரோன் நோய் உள்ளவர் புகை பிடித்தால் நோய் மேலும் கடுமையாகும்.

நோய் இதுதான் என்று இன்னும் தெரியாதவர்களுக்கும் ஒரு சொல். மலத்தில் ரத்தம் கண்டால் "மூலம்தான், சூடுதான்" என்று நாமே முடிவு கட்டவேண்டாம். சீதபேதியும் குடல் காசநோயும்கூட இதே போலத் தோன்றும். அவற்றுக்கு வைத்தியம் வேறு. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவையானால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ, உங்களுக்கு அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். நிறைய ரத்தம், காய்ச்சல், படபடப்பு, தாங்க முடியாத வயிற்று வலி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. அந்தக் கேள்வித்தாளில் ஒரு பகுதிக்கு மருந்து மட்டும் போதாமல் போகலாம். 'ஊர்-உறவு' என்று நாம் பெயர் வைத்த பகுதி அது. அதை ஏற்றுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. வெளியூர்ப் பயணத்தில், "எங்கே நிறுத்தலாம்?" என்று கணவர் முன்கூட்டியே கேட்கலாம். கல்யாண வீட்டில், "அண்ணி, நீங்க வாசல் பக்கம் உட்காருங்க, எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்" என்று நாத்தனார் சொல்லலாம். "ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டுவதற்குப் பதிலாக, "இன்றைக்கு வயிறு எப்படி?" என்று மாமியார் மெதுவாகக் கேட்கலாம். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

நாம் எண்ணிப் பார்த்த அந்தத் தாய் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லாமல், கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து நீட்டட்டும். நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்லைன்னா எவ்வளவு?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருங்கள்.